கொல்லைப்புறத்தில் உட்கார முடியவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் முறை

மதுரைப் பக்கம் கொல்லைப்புறத்தைப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தரையில்தான் கை வைக்கிறார்கள். பேவர் பிளாக் பதிப்பார்கள், நாலு நாற்காலி வாங்குவார்கள், சுவரோரம் பூந்தொட்டி வைப்பார்கள், மேலே ஒரு சர விளக்கு தொங்கும். தை மாதம் வரைக்கும் இடம் நன்றாகத்தான் இருக்கும். மாசி போனதும் நாற்காலி ஹாலுக்குத் திரும்பிவிடும். கொல்லையில் பழையபடி துணி காயும்.

செய்த வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன், வரிசைதான் மாறிப்போயிருக்கும். இந்த ஊர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் முதல் வேலை நிழல், அடுத்தது தண்ணீர் ஓட வாட்டம், அதாவது தரைச் சரிவு, மூன்றாவதுதான் தரை. வரிசை மாற்றிச் செய்த இடத்தையும் பெரும்பாலும் இடிக்காமலே சரிசெய்துவிடலாம். எது கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கீழே கோளாறுகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரிவதை மட்டும் படித்தாலும் சரி. ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்தந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அதற்கு ஒரு வாளி, ஒரு மண்வெட்டி, மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் (டியூப் லெவல்), இவ்வளவு போதும்.

## மாலை ஆறு மணிக்கும் அனல் அடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அனல் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வைத்தியம் கிடையாது, எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு நாள், பொழுது சாய்ந்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். உள்ளங்கால் சுடுகிறதா? முதுகுப் பக்கம் சுவரிலிருந்து வெக்கை வருகிறதா? தலைக்கு மேலிருந்து இறங்குகிறதா? மூன்றுக்கும் வேறு வேறு காரணம், வேறு வேறு வேலை.

இந்த மூன்றுக்கும் முன்னால் நாலாவதாக ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஏ.சி.யின் வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது? படுக்கையறையிலிருந்து உறிஞ்சிய சூட்டை அது கொல்லையில்தான் ஊதிக்கொண்டிருக்கும். ஆள் உட்காரும் இடத்தைப் பார்த்து ஊதினால், நீங்கள் லட்ச ரூபாய் செலவழித்துப் பந்தல் போட்டாலும் பயனில்லை. பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்ற ஒரு நாள் வேலை, கொஞ்சம் செம்புக் குழாய், திரும்ப நிரப்பும் கேஸ், அவ்வளவுதான் செலவு.

காலில் சூடு என்றால் தரை. கடப்பா கல், கறுப்பு கிரானைட், சாம்பல் நிறக் கான்கிரீட் எல்லாம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் காபியோடு வந்து உட்காரும் நேரத்தில் திருப்பிக் கொடுப்பவை. கனம் கூடக் கூடச் சூடு ஆறும் நேரமும் நீளும். ஐந்தரை மணிக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். அரை மணி கழித்தும் கால் குளிர்ந்தால் மேலோடு மட்டும்தான் சூடாகியிருக்கிறது, தினம் தெளித்தே சமாளிக்கலாம். காய்ந்து மறுபடி சுட்டால் அடிவரை சூடு இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே தண்ணீர் தெளித்தால் வெக்கையோடு புழுக்கமும் சேரும்.

இந்த இடத்தில் பலர் தரையைப் பெயர்த்து வேறு கல் போட நினைக்கிறார்கள். வேண்டாம். காலை பத்திலிருந்து நாலு மணி வரை மேலே நிழல் இருந்தால், அதே கடப்பா கல் குளிர்ந்து கிடக்கும். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்த மண்டபம் என்றும் அதற்குப் பெயர். கோடையில் நடக்கும் வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. தூணும் கூரையும் தரையும் எல்லாம் கருங்கல். வெயில் காலத்துக்கென்றே கல்லில் கட்டத் துணிந்தார்கள் என்றால், உயர்ந்த கூரை தரையில் வெயில் விழ விடாது, திறந்த பக்கங்கள் வழியே காற்று ஓடும், சுற்றி வரும் அகழியில் தண்ணீர் நிற்கும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. அகழி நமக்கு வேண்டாம், கொசு வரும். மற்ற இரண்டும் மூன்று சென்ட் வீட்டுக்கும் பொருந்தும்.

புதிதாகத் தரை போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மெருகேற்றாத வெளிர்நிறக் கல், இல்லையென்றால் மொட்டைமாடிக்குப் பதிக்கும் சிவப்புத் தட்டோடு எடுங்கள். தட்டோடு தண்ணீரை உறிஞ்சி மெதுவாக விடும், தெளித்த குளிர்ச்சி நிற்கும். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் சூட்டில் தேவலைதான், ஆனால் கண் கூசும், மழையில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதை நினைக்கவே கூடாது.

முதுகில் வெக்கை என்றால் சுவர். மேற்கு பார்த்த சுவர் மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை நேரடி வெயிலில் நிற்கும். வீட்டுக்கு மேற்கே கொல்லை இருந்தால், உங்கள் வீட்டுப் பின்சுவரே அந்தச் சுவர். பெரும்பாலானோர் சாய்ந்துகொள்ள வசதி என்று பெஞ்சை அங்கேதான் போடுகிறார்கள். அதைத் தூக்கி எதிரே இருக்கும் காம்பவுண்டு சுவரோரம் போடுங்கள். அந்தச் சுவரின் கிழக்கு முகத்துக்கு மதியத்துக்கு மேல் வெயிலே கிடையாது, போதாததற்குத் தன் நிழலையும் உங்கள் மேல் போடும். செலவு எதுவும் இல்லாத மாற்றம் இது. பின்சுவருக்கு வெள்ளை அடித்து, சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளிக் கம்பி வலை கட்டிக் கொடி ஏற்றலாம். கொடியைச் சுவரோடு ஒட்டவிட்டால் ஈரம் தங்கிச் சுவர் கெடும்.

தலைக்கு மேலே சூடு என்றால் கூரை. ஏழு ஏழரை அடி உயரத்தில் ஒற்றை இரும்பு ஷீட் போட்ட இடங்களில்தான் இது நடக்கும். ஷீட்டுக்கு அடியில் அரையடி இடைவெளி விட்டு மூங்கில் பாயோ கீற்றோ கட்டுங்கள், மேற்புறம் வெள்ளை அடியுங்கள். கூரையின் ஒரு பக்கத்தை ஓரடியாவது உயர்த்தினால் சூடான காற்று அந்த வழியே வெளியேறும். வெளிச்சத்துக்காகக் கண்ணாடி மாதிரியான பாலிகார்பனேட் ஷீட் போட்டிருந்தால், அதற்கு மேலே அரையடி உயரத்தில் வெயிலை 75 சதவீதம் தடுக்கும் நிழல்வலை (ஷேட் நெட்) கட்ட வேண்டும். அடியில் கட்டிப் பயனில்லை, சூடு அதற்குள் உள்ளே வந்துவிட்டிருக்கும்.

## பந்தல் இருக்கிறது, நிழல் வேறெங்கோ விழுகிறது

பந்தல்காரர் அளந்தது உச்சி வெயிலை மனதில் வைத்து. நீங்கள் உட்காரப் போவது நாலு மணிக்கு.

வைகாசி மாதம் மாலை நாலு மணிக்கு மதுரையில் சூரியன் தரையிலிருந்து 35 பாகை உயரத்தில்தான் நிற்கும். பத்தடி உயரப் பந்தலின் நிழல் அப்போது ஏறக்குறைய 14 அடி கிழக்கே தள்ளி விழும். ஐந்து மணிக்கு 25 அடிக்கும் மேல். அதாவது பத்துக்குப் பத்து பந்தல் போட்டவர் வீட்டில் நாலு மணி நிழல் முழுக்க முழுக்கப் பந்தலுக்கு வெளியே கிடக்கும். பந்தலை அகலப்படுத்தி இதைத் துரத்திப் பிடிக்க முடியாது. மாலை வெயிலுக்குச் செங்குத்தாக நிற்கும் மறைப்புத்தான் மருந்து. பந்தலின் மேற்குப் பக்கத்தில் மேலிருந்து சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி, அல்லது வெட்டிவேர்த் தட்டி, அல்லது அடர்த்தியான கொடி. பீர்க்கோ கோவையோ ஏற்றினால் மூன்று மாதத்தில் மறைப்பும் கிடைக்கும், கறியும் கிடைக்கும். நிலைத்து நிற்க ரங்கூன் மல்லி நல்லது.

வடக்குப் பார்த்த கொல்லை வைத்திருப்பவர்கள் ஒரு தவறான நம்பிக்கையில் இருப்பார்கள்: 'வடக்குப் பக்கம் வெயிலே வராது.' மார்கழியில் அது சரி. ஆனால் மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி உச்சியைத் தாண்டித் தெற்கே போகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே விழும். வெயில் கடுமையான மாதங்களும் இதற்குள்தான் வருகின்றன. மார்கழியில் இடத்தைப் பார்த்து 'பந்தலே வேண்டாம்' என்று முடிவெடுத்தவர்கள் வைகாசியில் கூப்பிடுகிறார்கள். எந்த முடிவையும் மே மாதத்தில் ஒரு முறை நின்று பார்த்துவிட்டு எடுங்கள்.

ஷேட் நெட் கிழிவதும், ஷீட் தடதடப்பதும் ஆடிக் காற்றின் வேலை. நெட்டை நாலு மூலையில் மட்டும் கட்டினால் காற்று உள்ளே புகுந்து உப்பி, முடிச்சோடு பிய்த்துக்கொண்டு போகும். விளிம்பு முழுக்க இரண்டடிக்கு ஒரு கட்டு, நடுவில் குறுக்காக இரண்டு கம்பி. ஷீட்டுக்கு வெறும் ஆணி ஆகாது, பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் ஜே போல்ட்டும் ரப்பர் வாஷரும் போடச் சொல்லுங்கள்.

நிரந்தரக் கூரை போடுகிறவர்கள் பட்டா எல்லையிலிருந்து விட வேண்டிய காலி இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 அந்த அளவுகளைச் சொல்கிறது. கழற்றி மாட்டும் பந்தல் என்றால் அண்டை வீட்டாரோடும் சச்சரவு குறைவு.

## மழை விட்ட பிறகும் தண்ணீர் நிற்கிறது

முதலில் மேலே பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எங்கே இறங்குகிறது? 1000 சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 4600 லிட்டருக்கு மேல் வரும். ஐப்பசியில் ஒரே இரவில் அவ்வளவு மழை பெய்வது சாதாரணம். அத்தனையும் கொல்லையில் கொட்டினால் எந்தத் தரையும் தாங்காது. கொல்லை ஒரு சென்ட் என்றால் அதன் மேல் நேராக விழுவது அதே மழையில் 2000 லிட்டர்தான். ஆக, பாதிக்கு மேல் சிக்கல் மாடிக் குழாயில் இருக்கிறது. அதைத் தனிக் குழாயில் மழைநீர்க் குழிக்கோ தெருவுக்கோ கொண்டுபோனாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

அது சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் வாட்டம். "வாட்டம் போட்டாச்சு சார்" என்று சொல்லாத கொத்தனார் உண்டா? டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் வேண்டும். சொரசொரப்பான கல் என்றால் இரண்டு அங்குலம். கண்ணுக்குச் சரிவு தெரியக் கூடாது என்று அரை அங்குலத்தோடு நிறுத்தியிருந்தால் தண்ணீர் நகராது. இறக்கம் சரியாக இருந்தும் ஒரே இடத்தில் தேங்கினால் அங்கே தரை அமுங்கியிருக்கிறது, அடுத்த பகுதியைப் பாருங்கள்.

வாட்டம் இருக்கிறது, ஆனால் போய்ச் சேர வழியில்லை என்பது நம் ஊரில் மூன்றாவது வகை. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. கொல்லைத் தண்ணீர் முன்பக்கம் ஏறி வெளியே போகாது. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தண்ணீரை அங்கேயே மண்ணுக்குள் இறக்குவதுதான் வழி. மண் குடிக்குமா என்று தெரிந்துகொள்ள ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழம் குழி தோண்டி ஒரு முறை தண்ணீர் ஊற்றி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பிக் குச்சியில் குறி வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் நல்ல மண். மேலூர், அழகர்கோயில் பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் இப்படித்தான். சிமெண்டு உறை (வளையம்) இறக்கி, அடியில் 40 எம்.எம். ஜல்லி கொட்டிய சாதாரண மழைநீர்க் குழி போதும். அரை அங்குலமும் இறங்கவில்லை என்றால் களியோ கரிசலோ. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் இது வழக்கம். அங்கே மேலாகத் தோண்டிய குழி வெறும் தொட்டியாகத்தான் இருக்கும். கீழே சரளை மண் வரும் வரை துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும்.

குழி தோண்டும்போதே அடியில் ஊற்று எடுத்தால் தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். கண்மாய்ப் பாசனத்தில் வயலாக இருந்து மனையான இடங்களில், கண்மாய் நிறைந்ததும் நிலத்தடி நீர் முட்டும் தூரத்துக்கு வந்துவிடும். நிரம்பிய மண்ணில் இன்னும் ஊற்ற முடியாது. அந்த வீட்டுக்குத் தரையை உயர்த்துவதும், தண்ணீரைச் சேர்த்து மோட்டாரில் வெளியேற்றுவதும்தான் பாக்கி.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழி பல வீடுகளில் இன்னும் இருக்கும், சேறு மூடி. புதிதாகத் தோண்டுமுன் அதைத் தூர்வாரிப் பாருங்கள். ஒரு நாள் கூலியில் முடியும். ஒன்று மட்டும் கூடவே கூடாது: மழைத் தண்ணீரைச் செப்டிக் டேங்க்கில் விடாதீர்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரை மழைநீர்க் குழியில் விடாதீர்கள். முதலாவது கழிப்பறையில் எதிர்க்கும், இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்கால் குழியை அடைக்கும்.

தரையை உயர்த்தும்போது பின்வாசல் படியைவிட ஆறு அங்குலமாவது தாழ்வாக நிறுத்துங்கள். வீட்டுத் தரை மட்டத்துக்கு ஏற்றிவிட்டால், சுவருக்குள் இருக்கும் ஈரத்தடுப்புப் பூச்சுக்கு மேலே மண் வந்துவிடும். அடுத்த மழைக்குச் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறும். அதற்குப் பெயிண்ட்காரரைக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை.

## தரை அமுங்குகிறது, வெடிக்கிறது, வெள்ளை பூக்கிறது

பேவர் பிளாக் நடுவில் அமுங்கினால் அடியில் கொட்டிய மண் இறுகவில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய இடிசல், சிமெண்டுச் சாக்கு, மரத்துண்டு எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு மூடுவது நடக்கிற விஷயம்தான். அமுங்கிய இடத்தில் நாலு கல்லை எடுத்து ஒரு கடப்பாரையைக் குத்துங்கள், சுலபமாக இறங்கினால் அதுதான். அந்தப் பகுதியை மட்டும் தோண்டி, கிராவலை ஆறாறு அங்குலமாகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து, மேலே இரண்டு அங்குலம் கிரஷர் தூள் பரப்பிப் பழைய கல்லையே பதிக்கலாம். விளிம்புக் கல் ஒதுங்கி, இடுக்கு அகன்றுகொண்டே போனால் ஓரத்தில் கான்கிரீட் அணை இல்லை என்று பொருள். எத்தனை முறை மணல் வாரிக் கொட்டினாலும் நிற்காது.

அமுங்கிய இடம் செப்டிக் டேங்க்குக்கோ உறைகிணற்றுக்கோ மேலே என்றால் கடப்பாரை வேண்டாம். அங்கே ஆளை நிறுத்தாமல், மூடிக் கல்லின் நிலைமையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அழகுக்காக மூடியை டைல்ஸுக்கு அடியில் புதைத்தவர்கள், கழிவு எடுக்க லாரி வரும் நாளில் தரையை உடைக்கிறார்கள். மூடிக்கு மேல் ஒரு பூந்தொட்டி வையுங்கள், நகர்த்தக்கூடியதாக.

கரிசல் மண்ணில் தரை வெடிப்பது வேறு கதை. மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். ஒரே பாளமாகப் போட்ட கான்கிரீட் அதற்கு ஈடுகொடுக்காது. ஓரடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி, தனித்தனிக் கல்லாகப் பதிப்பதே அங்கே சரி. கல் ஆடினால் திரும்பப் பதித்துக்கொள்ளலாம்.

கல்லில் வெள்ளை பூப்பது பெரும்பாலும் போர்த் தண்ணீரின் உப்பு. தேங்காய் நார்ப் பிரஷ்ஷும் கொஞ்சம் வினிகரும் போதும், ஆனால் சுண்ணாம்புக் கல்லான கடப்பாவில் வினிகர் படக் கூடாது, மெருகு போய்விடும். ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், செடி வேர் எல்லாம் போகும்.

## கொசு உட்கார விடுவதில்லை

கடிக்கும் நேரத்தைப் பாருங்கள். அது எங்கே பிறந்தது என்று நேரமே சொல்லிவிடும்.

காலையிலும் மாலை நாலிலிருந்து ஆறுக்குள்ளும், கணுக்காலில், சத்தமில்லாமல் கடித்தால் அது ஏடிஸ். டெங்குவைப் பரப்புவதும் அதுவே. நல்ல தண்ணீரில், அதுவும் கையளவுத் தண்ணீரில் வளரும். சாக்கடைக்கு மருந்து அடித்து இதை ஒழிக்க முடியாது. பூந்தொட்டித் தட்டு, பறவைக்கு வைத்த மண்சட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போகும் இடம் பந்தலிலேயே இருக்கிறது. மூடி இல்லாத இரும்புக் குழாய்த் தூணின் வாயும், வெட்டிய மூங்கிலின் கணுவும் மழைநீரைப் பிடித்து வைக்கும். குழாய்க்கு மூடி போடுங்கள், மூங்கில் கணுவில் மணலை நிரப்புங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் அந்தத் தலைமுறை பிழைக்காது. தாமரைத் தொட்டியைக் கவிழ்க்க முடியாது, அதில் கப்பி மீன் விடுங்கள்.

இரவு எட்டுக்கு மேல், காதருகே ரீங்கரித்துக் கடித்தால் க்யூலெக்ஸ். அழுக்குத் தண்ணீரில் பிறப்பது. செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய் முனையில் வலை இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கம்பியால் கட்டினால் போதும். மூடியின் சந்தைச் சிமெண்டால் அடையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்துச் சாக்கடை.

உடனடித் தீர்வு கேட்டால், தரையில் வைக்கும் மின்விசிறி. கொசு காற்றை எதிர்த்துப் பறக்காது. கால் பக்கம் வீசும்படி வையுங்கள்.

## நாற்றம்

மழைக் காலத்தில் மட்டும் என்றால் செப்டிக் டேங்க் நிறைந்திருக்கிறது. கோடையில் மட்டும் என்றால் தரைச் சாக்கடை வாயின் வளைவில் (டிராப்) நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிட்டது, வாரம் ஒரு சொம்பு ஊற்றினால் அடங்கும்.

## மல்லி பூக்கவில்லை, புல் காய்கிறது

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு கொல்லையில் நாலு மொட்டுப் பார்க்க முடியவில்லை என்றால் வருத்தமாகத்தான் இருக்கும். இலை பச்சையாக, கொடி ஓடி, பூ மட்டும் இல்லை என்றால் வெயில் போதவில்லை. மல்லிக்கு நாளில் ஆறு மணி நேர வெயில் வேண்டும். நாம் நிழலுக்காகப் பந்தல் போட்டு, அதற்கு அடியிலேயே மல்லியை வைத்தால் எப்படிப் பூக்கும்? பந்தலின் தெற்கு ஓரம், வெளியே தள்ளி வையுங்கள்.

வெயில் இருந்தும் பூக்கவில்லை என்றால் கவாத்து. கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டிவிட வேண்டும். நம்மவர்களுக்கு மனசு வராது, நுனியை மட்டும் கிள்ளி விடுவார்கள். பங்குனி சித்திரையில் பூக்கும் புதுக்கிளை அந்த வெட்டிலிருந்துதான் வருகிறது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு, உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அதிகம். லிட்டருக்கு ஐந்து கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் கரைத்து இலையில் தெளியுங்கள்.

புல்தரை பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: போடாதீர்கள். கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர் ஆகிறது. குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருவில் அது நியாயமாகப் படவில்லை. மரத்தடியில் புல் போட்டுக் காய்கிறது என்றால் தண்ணீர் கூட்டியும் பயனில்லை, நிழலில் அது வராது. அந்த இடத்தில் சருகைப் பரப்பிவிட்டு நடக்க மட்டும் கல் போடுங்கள்.

நிழலுக்கு மரம் வைக்க நினைத்தால் புங்கை, வேம்பு, சப்போட்டா. உட்காரும் இடத்துக்கு மேலே முருங்கை ஆகாது: மழைக்குப் பின் கம்பளிப்பூச்சி தோளில் விழும், காற்றுக்குக் கிளை முறியும். தென்னைக்கு அடியில் நாற்காலி போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

## தூண் அடியில் கெடுகிறது

மரத்தூண் என்றால் கரையான், இரும்பு என்றால் துரு. இரண்டுக்கும் காரணம் மண்ணோடு தொட்டுக்கொண்டிருப்பது. தரைக்கு மேல் ஆறு அங்குலம் எழும் கருங்கல் கட்டையில் கிளாம்பு அடித்து அதன் மேல் தூணை நிறுத்த வேண்டும். ஏற்கெனவே புதைத்துவிட்டீர்களா? அடியை வெட்டி எடுத்துவிட்டு அதே கட்டையைக் கீழே கொடுக்கலாம், பந்தலைப் பிரிக்க வேண்டாம். நம் பக்கம் முழு நீளக் கருங்கல் தூணே கிடைக்கிறது. தோட்டத்து வேலிக்கு ஊன்றுவார்களே, அது. கரையானும் துருவும் அதை ஒன்றும் செய்யாது, பெயிண்டும் வேண்டாம்.

## விளக்கைத் தொட்டால் ஷாக், போட்டால் பூச்சி

ஷாக் லேசாக இருந்தாலும் அன்றே மெயினை அணைத்துவிடுங்கள். பிறகு எலக்ட்ரீஷியன் வரும் வரை அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். கொல்லை இணைப்புக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்க வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் சுவிட்ச் அணையவில்லை என்றால் மாற்றுங்கள். வீட்டுக்குள் போடும் ஒயரைச் சுவரோரம் இழுத்து டேப் சுற்றிய இணைப்புகள்தான் பெரும்பாலும் காரணம். வெளியே ஐ.பி. 65 என்று போட்ட, தூசியும் தண்ணீரும் புகாத விளக்கும், குழாய்க்குள் போகும் கேபிளும் வேண்டும். எர்த் குழி நம் கோடையில் காய்ந்துவிடும், அதில் அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீர்.

பூச்சிக்கு வெள்ளை பல்பை மாற்றி மஞ்சள் பல்பு போடுங்கள். விளக்கை நாற்காலிக்கு மேலே தொங்கவிடாமல் சுவரில், கொஞ்சம் தள்ளி. மழைக்கு மறுநாள் ஈசல் வந்தால் மட்டும் எதுவும் கேட்காது. அரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பொரித்துத் தின்னும் வீடுகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

## ஒரு குறையும் இல்லை, ஆனாலும் யாரும் போவதில்லை

இதைச் சோதிக்கக் கருவி கிடையாது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும், அதுவும் தனித்தனியாக. செலவழித்தவர் முன்னால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

அடிக்கடி வரும் பதில், "பக்கத்து மாடியிலிருந்து தெரியுதுல்ல." இதற்குக் காம்பவுண்டை உயர்த்தினால் காற்று நின்றுபோகும், மாடியிலிருந்து பார்ப்பதும் நிற்காது. உட்காரும் இடத்துக்கு மேலே மட்டும் ஒரு கொடிப் பந்தல், எட்டடி உயரத்தில், போதும். மாடிக்காரரின் பார்வைக் கோணத்தை அது வெட்டிவிடும்.

பாட்டி போகவில்லை என்றால் படியைப் பாருங்கள். ஏழு அங்குலத்துக்கு மேல் உயரமான படியில், பிடிக்கக் கம்பி இல்லாமல், மூட்டு வலிக்காரர்கள் இறங்க மாட்டார்கள். நாற்காலியும் அவருக்கு ஒத்துவராது. ஒன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள், காலை மடக்கி உட்காருவார், வெங்காயம் உரிப்பார், தூங்கவும் செய்வார். பத்தாயிரம் ரூபாய் சோபாவுக்கு அந்த ஆயுள் கிடையாது.

அம்மா போகவில்லை என்றால் அது அவருக்கு வேலை செய்யும் இடம். துவைக்கிற கல், மோட்டார் சுவிட்ச், காலி சிலிண்டர், விளக்குமாறு எல்லாம் கண்ணெதிரே இருக்கும்போது ஓய்வாக உட்கார யாருக்குத் தோன்றும்? எல்லாவற்றையும் ஒரு பக்கமாகச் சேர்த்து ஐந்தடித் தட்டி ஒன்றால் மறையுங்கள். துவைக்கும் கல்லிலிருந்து உட்காரும் இடத்தைப் பார்த்துத் தண்ணீர் ஓடாதபடி வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

துணிக்கொடியை ஒழிக்கப் பார்க்காதீர்கள், அது எப்படியும் திரும்பி வரும். பந்தலுக்கு வெளியே, வெயில் விழும் கீற்றில் அதற்கென்று இடம் ஒதுக்குங்கள். இரு முனையிலும் கொக்கி, கழற்றிச் சுருட்டும் நைலான் கயிறு. காலையில் மாட்டி, நாலு மணிக்குத் துணியை எடுக்கும்போதே கயிற்றையும் எடுத்துவிடலாம். கொக்கியை ஆறரை அடி உயரத்தில் அடியுங்கள், தாழ்த்தினால் இரவில் நடக்கிறவர் கண்ணில் குத்தும்.